வேர் கூப்பிட்டால்தான்

ஊட்டிப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டம் ஒன்றின் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் தூவிக் கலக்கினால் மணல் அடியில் தங்கிவிடும். சருகுத் துணுக்கும் வேர் நாரும் பூச்சிகளின் உடைந்த கால்களும் மேலே மிதக்கும். அவற்றுக்கு நடுவே, கிண்ணத்தின் ஓரத்தை ஒட்டி, பழுப்பு நிறத்தில் சில புள்ளிகள் ஒதுங்கி நிற்கக்கூடும். (செய்து பார்க்க நினைப்பவர்கள் அந்த மண்ணைத் தோட்டத்தை விட்டு வெளியே எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.) ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் இருக்கும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உருண்டையாக, ஒரு பக்கம் மட்டும் சின்னக் கழுத்தோடு தெரியும்.

அது ஒரு தாயின் சடலம். உருளைக்கிழங்கு நூற்புழுவின் பெண், வேரில் வாயைப் புதைத்தபடியே ஊதிப் பெருத்து, முட்டைகளை வெளியே இடாமல் உடம்புக்குள்ளேயே நிரப்பிக்கொண்டு செத்துப்போகிறது. செத்தபின் அதன் தோல், பதனிட்ட தோலைப்போல இறுகிப் பழுப்பாகிறது. உழவியல்காரர்கள் இதை முட்டைக்கூடு என்கிறார்கள். ஒரு கூட்டில் 200 முதல் 500 முட்டை வரை இருக்கும். ஒவ்வொரு முட்டையின் நீளமும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் அரை மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டிப் புழு ஒன்று மடிந்து மடிந்து படுத்திருக்கிறது. தலை, வால், குடல், வேரைக் குத்தும் ஊசி எல்லாம் உருவாகிவிட்டன. முட்டைக்குள்ளேயே ஒருமுறை தோலும் உரித்தாயிற்று. வளர்ச்சி என்று இனிப் பாக்கி எதுவும் இல்லை.

ஆனாலும் புழு வெளியே வருவதில்லை. மழை பெய்து மண் நனைந்தாலும் வருவதில்லை, வெயில் வந்து சூடேறினாலும் வருவதில்லை. பக்கத்தில் முட்டைக்கோஸும் காரட்டும் பூண்டும் பலமுறை விளைந்து அறுவடையாகிப் போகும். புழு அப்படியே கிடக்கும். 20 ஆண்டு கழித்துக்கூட அதற்கு உயிர் இருக்கும். பிறகு ஒருநாள் பக்கத்தில் உருளைக்கிழங்குச் செடி வேர்விடும். அந்த வேரிலிருந்து கசியும் ஏதோ ஒன்று மண்ணின் ஈரத்தில் கரைந்து வந்து முட்டையைத் தொடும். அதன்பின் சில நாட்களில் கூடு காலியாகத் தொடங்கும்.

கோழி முட்டையையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். கோழியில் குஞ்சு முழுதாக வளர்வதும் ஓட்டை உடைப்பதும் ஒரே ஓட்டத்தின் தொடர்ச்சி. 21 நாள் ஆயிற்றா, வெளியே வந்தாக வேண்டும். அதற்குமேல் உள்ளே இருந்தால் சாவுதான். கண்ணுக்கு எட்டாத விலங்குகள் பலவற்றில் இந்த இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பிரிந்துவிட்டன. வளர்வது ஒன்று, வெளியேறுவது வேறொன்று. நடுவில் எத்தனை காலம் வேண்டுமானாலும் இடைவெளி விழலாம். அந்த இடைவெளியை எது முடித்துவைக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. விடை விலங்குக்கு விலங்கு மாறும். ஆனால் எல்லா விடைகளுக்கும் அடியில் இருப்பது சாப்பாடு என்பது என் எண்ணம். முட்டை ஓடு குட்டியைப் பாதுகாக்கிறது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அதே ஓடு வெளியுலகத்தை அளந்து பார்க்கவும் செய்கிறது. வெளியே போனால் பிழைக்கலாமா என்பதை வெளியே போகாமலே கண்டுபிடித்தாக வேண்டிய நிலை அதற்கு.

வேரிலிருந்து வருவது ஒரு வேதிப்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிப்பதற்கு அதிகக் காலம் ஆகவில்லை. பீட்ரூட்டின் உறவான சர்க்கரைக் கிழங்கைத் தாக்கும் நூற்புழு, வேர்க் கசிவு பட்டால் பொரிக்கிறது என்று 1922லேயே ஜெர்மனியில் பௌனக்கே எழுதிவிட்டார். ஆனால் அந்தப் பொருள் என்ன என்று கண்டுபிடிக்கப் போனவர்கள் பெரும்பாடு பட்டார்கள். உருளைக்கிழங்குப் புழுவை எழுப்பும் பொருளைப் பற்றி 1949இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இரண்டு பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் அலெக்சாண்டர் டாட், பின்னாளில் 1957இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். மற்றவர் ஹரால்ட் ரெய்ஸ்ட்ரிக், 1930களின் தொடக்கத்தில் பெனிசிலினைப் பிரித்தெடுக்க முயன்று கைவிட்டவர். பெனிசிலின் பின்னாளில் மற்றவர்களுக்கு வசப்பட்டது. இந்தப் புழுவை எழுப்பும் பொருளோ அந்தத் தலைமுறைக்கே வசப்படவில்லை.

சிக்கல் அளவில் இருந்தது. வேர் இதை மிக மிகக் கொஞ்சமாகத்தான் வெளியிடுகிறது, புழுவுக்கும் அவ்வளவே போதும். சோயா மொச்சையைத் தாக்கும் நூற்புழுவை எழுப்பும் பொருளை 1982இல் ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மசமுனே குழு, உலர்ந்த பீன்ஸ் வேர்களிலிருந்து பிரித்தெடுத்தது. கிளைசினோஎக்லெபின் ஏ என்று பெயர் வைத்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு கலந்திருந்தாலே முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். இவ்வளவு நீர்த்த ஒன்றை வேர்க் கஷாயத்திலிருந்து தனியாக வடித்தெடுக்க எத்தனை மூட்டை வேர் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உருளைக்கிழங்கின் பொருளை நெதர்லாந்துக்காரர்கள் பிரித்தார்கள். சோலனோஎக்லெபின் ஏ. அதன் வடிவம் 1999இல் எக்ஸ்-கதிர்ப் படிக முறையில்தான் உறுதியானது. பார்த்தால் வேதியியலாளர்கள் ஆடிப்போகும் மூலக்கூறு. அதில் ஏழு வளையங்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. மூன்று அணு வளையத்திலிருந்து ஏழு அணு வளையம் வரை எல்லா அளவும் அந்த ஒன்றிலேயே உண்டு. அதை ஆய்வகத்தில் முதன்முதலாகச் செயற்கையாகக் கட்டி முடித்தவர்கள் மறுபடியும் ஹொக்கைடோக்காரர்கள், தனினோவும் மியாஷிதாவும். 2011இல், 52 படிகளில். உருளைக்கிழங்கு அதிகம் விளையும் ஹொக்கைடோ தீவில் 1970களில்தான் இந்தப் புழு தென்பட்டது. அக்கறைக்குக் காரணம் இருந்தது.

கதை அதோடு முடிந்ததென்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2020களில் வந்த ஆய்வுகள் இன்னொரு ஆளையும் உள்ளே கொண்டுவந்தன. வேர் பெருமளவு வெளியிடுவது சோலனோஎக்லெபின் பி என்ற அண்ணன் தம்பி மூலக்கூறு. அதை ஏ ஆக மாற்றுவது வேரைச் சுற்றி மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். ஆக முட்டைக்குப் போய்ச் சேரும் செய்தியில் செடியின் பங்கும் உண்டு, உயிருள்ள மண்ணின் பங்கும் உண்டு.

தன்னைத் தின்னப் போகிற புழுவைச் செடி ஏன் எழுப்ப வேண்டும்? நம் ஊர்ச் சோளக் கொல்லைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் சுடுமல்லி என்று ஒரு களை உண்டு. மற்றச் செடிகளின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழ்வது. அதன் விதையும் இதே மாதிரி வேர்க் கசிவுக்காகக் காத்துக்கிடக்கும். அந்தப் பொருளைப் பருத்தி வேரிலிருந்து 1966இல் பிரித்தார்கள். செடி ஏன் அதை வெளியிடுகிறது என்பதற்கு விடை கிடைக்க 2005 ஆயிற்று. வேருக்குப் பாஸ்பரஸ் கொண்டுவந்து தரும் பூஞ்சைகளைக் கூப்பிட்டுத்தான் செடி அதை அனுப்புகிறது. சுடுமல்லி அந்தக் குரலை ஒட்டுக்கேட்கப் பழகிக்கொண்டுவிட்டது. உருளைக்கிழங்கு விஷயத்திலும் இப்படி ஒரு ஒட்டுக்கேட்பு நடக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

சரி, செய்தி வந்து சேர்ந்தாயிற்று. முட்டைக்குள் என்ன நடக்கிறது?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முட்டை ஓட்டில் பல அடுக்குகள் உண்டு. நடுவில் கைட்டின், பூச்சியின் ஓட்டில் இருக்கும் அதே பொருள், வலுவுக்கு. உள்பக்கம் கொழுப்பாலான மெல்லிய ஏடு. தண்ணீர் அதைக் கடந்து போய்வரும், ஆனால் உள்ளே கரைந்திருப்பவற்றை அது வெளியே விடாது. ஓட்டுக்கும் புழுவுக்கும் நடுவே இருக்கும் நீரில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை கரைந்திருக்கிறது. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 116 கிராம் அளவுக்கு வரும், நல்ல பாகுதான். அந்தப் பாகு புழுவின் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. ஜாடியில் உப்புப் போட்டுக் குலுக்கிய மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதல்லவா, அதே கணக்கு. தண்ணீர் வற்றிய புழுவால் அசைய முடியாது. அதன் உடலின் வேதிவினைகளும் தாழ்ந்து, கையிருப்புக் கொழுப்பு மிகச் சிக்கனமாகச் செலவாகிறது. புழுவை அடைத்து வைத்திருக்கும் சர்க்கரைதான் அதை உறைபனியிலிருந்தும் வறட்சியிலிருந்தும் காப்பாற்றி வருகிறது. பெருவும் பொலிவியாவும் சேர்ந்த ஆண்டீஸ் மலையில் தோன்றிய புழுவுக்கு இந்த இரண்டும் அன்றாடத் தொல்லைகள்.

வேர்க் கசிவு வந்து படும்போது அந்தக் கொழுப்பு ஏட்டின் குணம் மாறுகிறது. கால்சியம் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஏடு கசியத் தொடங்கி, ட்ரெஹலோஸ் வெளியே போய், வெளித் தண்ணீர் உள்ளே வருகிறது. சுருங்கிக் கிடந்த புழு ஊறி நிமிர்கிறது. நெடுநேரம் நனைய வேண்டியதும் இல்லை. ஐந்து நிமிடம் கசிவில் நனைத்துவிட்டுக் கழுவி எடுத்தாலும் சில முட்டைகள் பிறகு பொரித்தே தீருகின்றன. இதையெல்லாம் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆலன் கிளார்க்கும் ரோலண்ட் பெரியும் 1970களிலும் 80களிலும் பொறுமையாகப் பிரித்துப் பிரித்து நிறுவினார்கள்.

ஊறிய புழு முதலில் செய்வது ஓட்டைத் தடவிப் பார்ப்பது. நுண்ணோக்கியில் பார்த்தால் தலை ஓட்டின் உள்பக்கத்தில் உதட்டை ஒற்றி ஒற்றி நகர்வது தெரியும். பிறகு ஒரு முனையில் ஊசியால் குத்துகிறது. ஊசியின் நீளம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒரு குத்து, சற்றுத் தள்ளி இன்னொரு குத்து, அதன் பக்கத்தில் இன்னொன்று. கண்டபடி குத்துவதில்லை. தபால்தலைத் தாளின் ஓரத் துளைகளைப் போட்டவரின் நிதானத்தோடு வரிசை பிடித்துப் போகிறது. துளைகள் சேர்ந்து கீறலாகும். கீறலில் தலை நுழைந்து, பின்னால் உடம்பு நெளிந்து வரும். முட்டையை விட்டு வந்ததும் தாயின் உடம்பை விட்டும் வெளியேற வேண்டும். கழுத்துப் பக்கம் அதற்கு வழி இருக்கிறது.

இவ்வளவு முன்யோசனை எதற்கு என்றால், வெளியே வந்த புழுவின் வாழ்க்கை அப்படி. அதற்குக் கண் இல்லை. மண்ணில் ஒரு மீட்டர் போவதே அதற்குப் பெரிய யாத்திரை. வழியில் சாப்பிட எதுவும் கிடைக்காது, ஏனென்றால் உயிருள்ள வேரைத் தவிர வேறெதையும் அதற்குத் தின்னத் தெரியாது. அதிலும் உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி என்று ஒரே குடும்பத்துச் செடிகள்தான். உடம்பில் இருக்கும் கொழுப்பு தீருவதற்குள் வேரைப் பிடிக்காவிட்டால் கதை முடிந்தது. முட்டைக்குள் 20 ஆண்டு இருக்க முடிந்த உயிருக்கு வெளியே சில வாரங்கள்தான்.

இதே சர்க்கரையை நேர் எதிராகப் பயன்படுத்தும் ஒரு முட்டையையும் பார்த்துவிடலாம். மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இறால் ஹேச்சரிகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்திருக்கக்கூடும். அங்கே இறால் குஞ்சுகளுக்குத் தீவனமாவது ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறால். அது டின்னில் வருகிறது. திறந்தால் காபித்தூள் மாதிரிப் பழுப்புத் தூள். தூளின் ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுள்ள முட்டை. ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் வாரியது. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு, ஆண் துணையில்லாமலே பெண் பெண்ணாகப் பெற்றுப் பெருகும் வகை. அமெரிக்க இனம் இப்போது இந்திய உப்பளங்களில் புகுந்து இதை ஓரங்கட்டி வருவது தனிக்கதை.

ஹேச்சரியில் அடி கூம்பிய தொட்டியில் கடல்நீர் நிரப்பி, தூளைக் கொட்டி, அடியிலிருந்து காற்றைக் குமிழவிட்டு, மேலே விளக்கைப் போட்டுவிடுவார்கள். நீரின் வெப்பம் 28 டிகிரி. மறுநாள் காற்றை நிறுத்தி, தொட்டியின் மேற்பக்கத்தை மூடி, அடியில் மட்டும் வெளிச்சம் காட்டுவார்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அடியில் வந்து குவியும். குழாயைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உள்ளே நடப்பது என்னவென்றால், ஆர்ட்டீமியாவின் முட்டையில் இருப்பது முழுக் குஞ்சு அல்ல, ஏறக்குறைய 4,000 செல்கள் கொண்ட கரு. அந்தக் கருவும் ட்ரெஹலோஸைச் சேர்த்து வைத்திருக்கிறது. தண்ணீர், ஆக்சிஜன், சில நிமிட வெளிச்சம் மூன்றும் கிடைத்ததும் அந்தச் சர்க்கரையை எரிக்கத் தொடங்கி, ஒரு பகுதியைக் கிளிசராலாக மாற்றுகிறது. கிளிசரால் தண்ணீரை உள்ளே இழுக்கும். இழுக்க இழுக்க அழுத்தம் ஏறும். ஏறி ஏறி ஒரு கட்டத்தில் ஓடு வெடித்துவிடும். வெடித்த ஓட்டுக்குக் கீழே மெல்லிய சவ்வுக்குள் கரு தொங்கிக்கொண்டிருக்கும். ஹேச்சரிக்காரர்களும் ஆய்வாளர்களும் அதைக் குடை நிலை என்பார்கள். பிறகு நொதிகள் சவ்வைக் கரைக்க, குஞ்சு உதைத்துக்கொண்டு வெளியே வரும். ஓடு வெடிக்கும்வரை செல் ஒன்றுகூடப் புதிதாகப் பிரிவதில்லை. இருக்கிற செல்களையே மாற்றி அடுக்கி ஒரு விலங்கு உருவாகிவிடுகிறது. நூற்புழுவில் சர்க்கரை வெளியேறினால் கதவு திறக்கிறது. ஆர்ட்டீமியாவில் சர்க்கரை உருமாறி, கதவையே உடைத்துத் தள்ளுகிறது.

இங்கே இன்னொரு உயிரின் அழைப்பு எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உப்பு ஏரியில் ஆர்ட்டீமியாவின் சாப்பாடு பாசி. நல்ல மழையில் உப்பு நீர்த்து, வெளிச்சமும் காற்றும் இருந்தால் பாசியும் இருக்கும். ஆகவே பாசியைத் தேட வேண்டாம், வெளிச்சத்தையும் காற்றையும் பார்த்தால் போதும். சேற்றில் புதைந்த முட்டைக்கு இரண்டும் கிடைக்காது, அது காத்திருக்கும். எவ்வளவு காலம் என்பதை ஜேம்ஸ் க்ளெக் என்ற உயிரியலாளர் சோதித்துப் பார்த்தார். நனைந்த முட்டைகளை ஆக்சிஜன் துளியும் இல்லாமல் நான்கு ஆண்டு வைத்திருந்து, பிறகு காற்றுக் கொடுத்தார். பொரித்தன. அந்த நான்கு ஆண்டும் அவை என்ன செலவழித்து உயிரோடு இருந்தன என்று அளக்கப் போனால், அளக்கும்படி ஒன்றும் அகப்படவில்லை.

சாதகமான சூழல் இருந்தும் பொரிக்காத முட்டைகளும் உண்டு. தாய் அவற்றை உறக்கத்தோடேயே இட்டிருக்கும். அந்த உறக்கம் உள்ளிருந்து வருவது. வெளியில் எவ்வளவு உபசரித்தாலும் அது கலையாது, அதற்கென்று ஒரு நிபந்தனை நிறைவேற வேண்டும். ஆர்ட்டீமியாவுக்கு உலர்ந்து உலர்ந்து நனைவதோ, குளிரில் கிடப்பதோ அந்த நிபந்தனையாக இருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் உறக்கத்தைக் கலைக்கும், ஆய்வகங்களில் அதைச் செய்கிறார்கள். ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு நூற்புழுவின் புது முட்டைகள் கோடை முடிவில் உருவாகும். அப்போதே வேர்க் கசிவை ஊற்றினாலும் பெரும்பாலானவை அசையாது. ஒரு குளிர்காலம் கடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இலையுதிர் காலத்து மிச்ச வேர்களை நம்பி வெளியே வந்து பனியில் மாட்டிக்கொள்ளும்.

மனிதக் குடலில் வாழும் சாட்டைப்புழுவின் ஏற்பாடு இன்னும் சுவாரசியம். அதன் முட்டை மலத்தோடு மண்ணுக்கு வந்து, மண்ணிலேயே வாரக்கணக்கில் வளர்ந்து, யாராவது கழுவாத கையோடு சாப்பிடும்போது வயிற்றுக்குள் போகிறது. வயிறு, சிறுகுடல் எல்லாவற்றையும் தாண்டி, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் மட்டுமே பொரிக்கிறது. முட்டைக்கு இடம் எப்படித் தெரிகிறது? மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒன்று எலியின் சாட்டைப்புழுவை வைத்து 2010இல் விடை சொன்னது. அடையாளம் பாக்டீரியா. குடலில் பாக்டீரியா மிக நெருக்கமாக வாழும் இடம் பெருங்குடல்தான். ஈ. கோலை பாக்டீரியாக்கள் தங்கள் மேலிருக்கும் நுண்மயிர்களால் முட்டையின் இரு முனைகளில் உள்ள அடைப்பில் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. உடல் சூடும் சேர்ந்தால் அடைப்பு விட்டுப்போய்ப் புழு வெளியேறுகிறது. நுண்மயிர் ஒட்டாதபடி தடுத்தால் பொரிப்பது குறைந்துவிடுகிறது. எலிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்தபோது, அதன் குடலில் குடியேறிய புழுக்களும் குறைந்தன.

அதே ஆய்வாளர்கள் சார்ந்த குழு 2018இல் வெளியிட்டது இன்னும் ஒரு படி மேலே. ஒரு குடலில் சாட்டைப்புழு நன்றாகக் குடியேறிவிட்டால் அங்குள்ள பாக்டீரியாக்களின் கலவை மாறிவிடுகிறது. மாறிய கலவையில் புதிதாக வரும் முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை. முன்னால் ஏறியவர்கள் பஸ் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொள்வது மாதிரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் கூட்டம் அளவு மீறி எலியே செத்துப்போனால் புழுவுக்கும் வீடு இல்லை. பொரிக்காமல் போகிற முட்டைகளுக்குத்தான் அதில் லாபம் ஏதும் இல்லை.

இனி ஊட்டி மண்ணுக்குத் திரும்பலாம், ஏனென்றால் சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு வேர் வந்து கூப்பிட்டால் ஒரு கூட்டில் உள்ள எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. நூற்றுக்கு 60 முதல் 80 வரைதான். மீதிக்கும் அதே செய்திதான் வந்தது, அவையும் வளர்ந்துதான் இருக்கின்றன. ஆனாலும் அவை அடுத்த பயிருக்கோ அதற்கடுத்த பயிருக்கோ என்று இருந்துவிடுகின்றன. இதற்குக் கணித நியாயம் ஒன்றை 1966இல் டான் கோஹென் கொடுத்தார். அவர் எழுதியது பாலைவனச் செடிகளின் விதை பற்றி. எல்லா விதையும் முதல் மழையிலேயே முளைத்து, பின்னால் மழை பொய்த்துவிட்டால் அந்த வம்சமே அழியும். நல்ல ஆண்டில் கொஞ்சம் குறைவாக லாபம் பார்த்தாலும், கெட்ட ஆண்டில் அடியோடு தொலையாமல் இருக்கிற வம்சம்தான் கடைசியில் மிஞ்சும். ஏரிகளின் நுண்விலங்குகளும் இதையே செய்கின்றன. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு குளத்துச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்த நெல்சன் ஹேர்ஸ்டன் குழு, 300 ஆண்டுக்கும் மேற்பட்ட படிவிலிருந்து கோபிபாட் முட்டைகளை உயிரோடு கண்டதாக 1995இல் எழுதியது. சிவாஜி காலத்து முட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

உழவனுக்குத் தொல்லை கொடுப்பது அந்த மிச்சம்தான். நீலகிரியில் இந்தப் புழுவை 1961இல் கண்டுபிடித்தவர், ராதம்ஸ்டெட்டிலிருந்து வந்திருந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ். விதைக் கிழங்கில் ஒட்டிய மண் வழியாகத்தான் இது ஊர் விட்டு ஊர் போகிறது. அதனால் நீலகிரி விதைக் கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. 2018இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் மண்ணிலும் புழு இருப்பது தெரிந்து அங்கேயும் தடை வந்தது. அதன் இரண்டு இனங்களும் நீலகிரியில் உண்டு, பொன்னிறப் பெண்ணை உடையது ஒன்று, வெளுத்த பெண்ணை உடையது மற்றொன்று. முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் 1980களில் வந்த குஃப்ரி ஸ்வர்ணா ரகம் இரண்டையும் தாங்கும்.

இங்கிலாந்தின் அனுபவம் வேறு மாதிரிப் போயிற்று. பொன்னிற இனத்தைத் தடுக்கும் மரபணுவோடு மாரிஸ் பைப்பர் என்ற ரகம் 1960களில் வந்தது, அமோகமாக ஓடியது. பொன்னிற இனம் அடங்கியது. அந்த இடத்தை வெளுத்த இனம் பிடித்துக்கொண்டது. அந்த மரபணு அதைத் தொடுவதில்லை. அதோடு இன்னொரு வசதியும் அதற்கு இருந்தது. அது ஒரேயடியாகப் பொரிப்பதில்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. மண்ணில் போட்ட மருந்தின் வீரியம் அதற்குள் தீர்ந்துவிடும். நிதானமாக எழுகிற முட்டைகளை நாமே பொறுக்கி வளர்த்திருக்கிறோம் என்பதுதான் இதில் எனக்குப் படுவது.

உருளைக்கிழங்கே போடாமல் விட்டால்? அழைப்பில்லாமலே ஆண்டுக்கு நூற்றுக்கு 30 வரை முட்டைகள் தாமாகப் பொரித்தோ கெட்டோ குறையும். நூறு முட்டை 70 ஆகி, 49 ஆகி, 34 ஆகி, எட்டாம் ஆண்டு முடிவில் ஆறாக நிற்கும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் எட்டு ஆண்டு காத்திருக்க முடியுமா? அதனால்தான் வேறொரு யோசனைக்குப் போனார்கள். முட்டையை ஏமாற்றி எழுப்பினால் என்ன? கிழங்கு இல்லாத வயலில் வேர்க் கசிவின் பொருளை மட்டும் ஊற்றினால் புழுக்கள் வெளியே வந்து பட்டினியில் சாகும். 52 படியில் செய்கிற மருந்தை வயலில் ஊற்றக் கட்டுப்படியாகாது என்பதுதான் தடை. எளிமையான மாற்று மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். ஐரோப்பாவில் இதற்கென்றே முள் நிறைந்த ஒரு கத்தரி உறவுச் செடியைப் பயிரிட்டுப் பார்க்கிறார்கள். அதன் வேர் புழுவைக் கூப்பிடும், ஆனால் வந்த புழுவால் அதில் வளர்ந்து முட்டை வைக்க முடியாது.

மருந்துச் செலவில்லாத இன்னொரு வழி உருளைக்கிழங்கையே பொறியாக நடுவது. நட்டு, வேர்விட்டு, முட்டைகள் பொரித்து, புழுக்கள் வேருக்குள் குடியேறி ஊதத் தொடங்கும்வரை விட்டுவைத்து, பெண் புழு முட்டை நிரப்புவதற்கு முன்னால் செடியை வேரோடு பிடுங்கி அழித்துவிட வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரம். கிழங்கு ஒன்றும் கிடைக்காது, நட்ட விதையும் கூலியும் நஷ்டம். ஆனால் ஒரே பருவத்தில் முட்டைகளில் பாதிக்கு மேல் தீரும். நாள் தவறக்கூடாது என்பதுதான் இதில் பெரிய பயம். மழை பிடித்துக்கொண்டு, ஆள் கிடைக்காமல், பிடுங்குவது ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போனால் வேரெல்லாம் பொன்னிற உருண்டைகள் முளைத்துவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் 500 முட்டை வரை.